விண்கல்லும் ஒரு சொளகுத் தவிடும்

மாசி முடியும் தறுவாயில் திண்டுக்கல் சமவெளிக்கு ஒரு தனி அமைதி வந்து சேரும். பின்பனி தன் கடைசித் துளிகளைச் சோளத்தட்டையின் நுனியிலும் கிளுவை வேலியின் முள்ளிலும் விட்டுவிட்டு, விடைபெற மனமின்றியும் நிற்க வலுவின்றியும் விடியலில் சற்றே தயங்கும். கதிரவன் கரந்தமலையின் தோளைத் தாண்டியதும் அந்தத் தயக்கமும் உலர்ந்துபோகும். வேம்பு பழுத்த இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக் கொப்பின் நுனியில் செந்தளிர் காட்டும். ஓடு காய்ந்த புளியம்பழங்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசி, தொலைவில் யாரோ சலங்கை கட்டி மெல்ல நடப்பதுபோல் ஒலிக்கும். கிணற்றில் நீர் ஒரு படி கீழே இறங்கும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிந்து, தீச்சட்டி ஏந்திக் களைத்த ஊர்கள், மஞ்சள் நீரின் கறை மாறாத வேட்டியோடு, வரப்போகும் வெயிலுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கக் காத்திருக்கும். இன்னதென்று சொல்ல இயலாத ஓர் எதிர்பார்ப்பும், அதனடியில் இன்னதென்று சொல்ல விரும்பாத ஓர் அச்சமும் அந்நாட்களின் காற்றில் உண்டு. அம்மை வார்க்கும் காலம் அது. நோயையும் அன்னை என்றே அழைத்துக் கும்பிடும் மக்கள், அன்னையிடமே அஞ்சி நிற்கும் காலம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, அத்தகையதொரு மாசியில், மகநாளன்று, சாணார்பட்டிக்கு அருகே மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த பெருமாள்சாமியின் மருமகள் சண்முகவள்ளி, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பெற்றாள்.

மாசி மகத்தில் பெண் பிறப்பதென்றால் அதற்கு மேல் ஒரு பேறு வேண்டுமா? பெருமாள்சாமி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வடக்கு நோக்கித் தரையில் விழுந்து கும்பிட்டார். எதிரே வந்த ஆயா, "கூட்டுற எடத்துல படுக்காதீக பெரியவரே" என்று அதட்டிய பிறகே எழுந்தார். மகன் மதியழகன், தினமும் விடியலில் பூ மூட்டைகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்லும் தன் ஆம்னி வேனின் பின்னிருக்கையைக் கழுவி, பழைய சேலை விரித்து, வெள்ளிக்கிழமையன்று மனைவியையும் மகளையும் ஊருக்கு அழைத்து வந்தான். வண்டி முழுதும் நேற்றைய மல்லிகையின் மணம். அந்த மணத்துக்குள்ளே, மடியில் மூடிய கைகளோடு உறங்கும் மகளைப் பார்த்துப் பார்த்து, சண்முகவள்ளி வழியெல்லாம் ஒரே ஒரு சொல்லை மட்டும் மனத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சொல்லை மகள் சொல்ல இன்னும் ஓராண்டாவது ஆகும். ஆகட்டும். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

வீடு வந்து சேர்ந்து, அவளைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்த சற்று நேரத்தில், முற்றத்தில் மாமனாரின் குரல் கேட்டது.

"ஏலே மதி, டீக்கடையில என்னமோ சொல்றாய்ங்க. இந்தா பேப்பரு. செத்த சத்தமா வாசி."

மதியழகன் வாசித்தான். ஒரு மைல் அகலமுள்ள விண்கல் ஒன்று கதிரவனைச் சுற்றி வருகிறது. சென்ற மார்கழி வாக்கில்தான் அமெரிக்காவில் அதைக் கண்டார்கள். அதன் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்ததில், இரண்டாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் அது நிலாவைக் காட்டிலும் வெகு பக்கத்தில் பூமியைக் கடக்கும் என்று தெரிகிறது. மோதவே மோதாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மோதினால் நாடுகள் அழியும்.

"அன்னைக்கு நம்ம பிள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார் பெருமாள்சாமி.

"முப்பது இருக்கும்ப்பா. நமக்கும் அம்புட்டு வயசு கூடத்தான் இருக்கும். கல்லு வந்தா எல்லாருக்கும்தான வருது."

"நமக்கென்னலே. நாம இருந்து முடிச்சவுக."

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியவர், காளியம்மன் கோயில் பூசாரி பொம்மையனோடுதான் திரும்பி வந்தார். குறி சொல்வதில் பொம்மையனுக்குச் சுற்று வட்டாரத்தில் பெயர் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு என்பதால் அவர் முற்றத்துக்குள் கால் வைக்காமல், படலுக்கு வெளியே நின்றே பேசினார். பேச்சு முழுதும் பின்கட்டு வரை வந்து விழுந்தது.

"கல்லு சும்மா சுத்தாது பெருமாளு. செக்குமாடு எதுக்குச் சுத்துது? எண்ணெய் வேணும். இந்தக் கல்லு எதுக்குச் சுத்துது? ஆளு வேணும்."

"மகத்துல பொறந்துச்சேன்னு குளுந்து போயிருந்தேன் சாமி."

"மகம் நல்லதுதான். இல்லைங்கல. ஆனா பிள்ள கண்ணத் தெறந்ததும் கல்லு கண்ணுல பட்டதும் ஒண்ணா வருதுல்ல? இந்த வாசல அடையாளம் வச்சுக்கிட்டுத்தான் அது போகுது. சுத்தி வரும். வரும்போது இங்கன வாசல் மாறிக் கெடக்கணும். பேரு மாறி, தாய் மாறிக் கெடக்கணும். தேடிப் பாத்துட்டு, ஆள் இல்லன்னு அது பாட்டுக்குப் போயிரும்."

"அப்ப தவிட்டுக்குத்தான்..."

"வேற என்ன வழி இருக்கு? நாளைக்கே பங்குனி பொறக்குது. காலையிலயே முடிச்சிரு."

தவிடு என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் சண்முகவள்ளி மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உறக்கம் கலைந்த பிள்ளை வீறிட்டது.

தவிட்டுக்குக் கொடுப்பதென்பது அந்தச் சீமையில் எல்லாரும் அறிந்த வழக்கம். பிள்ளை தங்காத வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், அதை முறமாகிய சொளகில் கிடத்திக் குப்பைமேட்டு ஓரம் வைப்பார்கள். வேற்று வீட்டுக்காரி ஒருத்தி தவிட்டோடு வந்து, "இது ஆரு பிள்ளை?" என்று மும்முறை கேட்பாள். பெற்றவள் மும்முறையும், "எனக்குத் தெரியாது, குப்பையில கெடந்துச்சு" என்று சொல்ல வேண்டும். கேட்டவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். மதிப்பற்றதென்று பெற்றவளே கைவிட்டதை எமனும் பொருட்படுத்த மாட்டான் என்பது நம்பிக்கை. பிள்ளை பிறகு பெற்றவள் வீட்டிலேயேதான் பால் குடித்து வளரும். ஆனால் வாங்கியவளைத்தான் "அம்மா" என்று அழைக்கும். பெற்றவளை "அத்தை" என்று அழைக்கும்.

இவையெல்லாம் சண்முகவள்ளிக்குக் கேள்வியால் வந்த அறிவல்ல. அவளுடைய முதல் பிள்ளை பிறந்த கையோடு போயிற்று. அடுத்தவனை அவள் தவிட்டுக்குக் கொடுத்தாள். வேலிக்கு அப்பால் பூந்தோட்டம் வைத்திருந்த லூர்தம்மாள்தான் வாங்கினாள். தீட்டு வீட்டுக்குள் சொந்தக்காரிகள் நுழையத் தயங்கும் நாளில், அந்தத் தயக்கம் இல்லாதவள் அவள் ஒருத்தியே. கிறித்தவ வேதக்காரர்களுக்கு அந்தத் தீட்டுக் கணக்கு கிடையாது. பையனுக்குத் தவிட்டுச்சாமி என்று பெயரிட்டார்கள். தத்தித் தத்தி நடந்து வந்து முந்தானையைப் பிடித்து, "அத்தே, பாலு" என்பான். வேலிப் பக்கம் லூர்தம்மாளின் தலை தெரிந்தால், "ம்மா" என்று கூவி ஓடுவான். உயிர் தங்கினால் போதும், எந்தப் பெயர் சொல்லி அழைத்தால் என்ன என்றுதான் அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

உயிர் தங்கவில்லை. இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கதவருகே நர்ஸ், "அம்மா மட்டும் உள்ள வாங்க" என்றபோது சண்முகவள்ளி முன்னே சென்றாள். பையனோ காய்ச்சலில் சிவந்த கண்ணைத் திறந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பின்னால் நின்ற லூர்தம்மாளைப் பார்த்து, "அம்மா" என்றான். நர்ஸ் ஒருகணம் குழம்பி, லூர்தம்மாளை உள்ளே விட்டாள். அதற்கு மேல் அவன் பேசியதாக யாரும் சொல்லவில்லை.

பூசாரி வந்து போன அன்று மாலை மதியழகன் பின்கட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"அப்பா பயந்து போயிருக்காரு வள்ளி. சும்மா ஒரு சாங்கியம்தான. பிள்ள நம்ம வீட்டுலதான் இருக்கப் போகுது."

"போன தடவையும் நம்ம வீட்டுலதான் இருந்தான்."

"அது வேற."

"எது வேற? தவிடு வேறயா?"

அவன் காலடி மண்ணை விரலால் தேய்த்தான்.

"நீங்க படிச்சவுகதான. அந்தக் கல்லு எப்படிச் சுத்துதுன்னு போட்டிருக்கான்? எனக்குச் சொல்லுங்க."

அவன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வட்டம் ஒன்று கீறினான். "இது நம்ம பூமி போற வழி." அதன் குறுக்கே, முட்டையைப் போல நீண்ட இன்னொரு கோட்டை இழுத்தான். "இது கல்லு போற வழி. ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒட்டிப் போற எடம் ஒண்ணு இருக்கு. அந்த எடத்துக்கு ரெண்டும் ஒரே நேரத்துக்கு வந்து சேந்தாத்தான் வம்பு. மத்தபடி அது பாட்டுக்கு அது, நம்ம பாட்டுக்கு நாம."

"இந்த வழி முழுசையும் பாத்துட்டாகளா?"

"எங்க பாத்தாக? கண்டுபிடிச்சே மூணு மாசம்தான் ஆகுது. பாத்தது இம்புட்டுத்தான்." முட்டைக் கோட்டின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடத்தைத் தொட்டுக் காட்டினான். "மிச்சம் எல்லாம் கணக்கு."

சண்முகவள்ளி அந்த விரற்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். இன்பத்தால் வந்த சிரிப்பு அல்ல அது.

"அவுகளாச்சும் மூணு மாசம் பாத்தாக. உங்க பூசாரி மூணு நாள்கூட எம்மகளப் பாக்கல. படலுக்கு வெளிய நின்னுக்கிட்டே முப்பது வருசத்தையும் பாத்துட்டுப் போயிட்டாரு."

"அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு இங்கன இருங்க. அது போதும்."

அவன் தலையசைத்தான். ஆனால் அந்தத் தலையசைப்பை அவள் நம்பவில்லை.

இருட்டுவதற்குள் வேலிப் பக்கம் வளையலோசை கேட்டது. லூர்தம்மாள் கூப்பிட மனமின்றி, போகவும் மனமின்றிக் கிளுவைக் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெருமாளண்ணன் வந்து கேட்டாரு வள்ளி. அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிடுறாரு. நான் என்னத்தச் சொல்லட்டும்? நீ வராதன்னா வரல."

"நீங்க வரலன்னா வேற ஆளப் பாப்பாக. வாங்கக்கா. சொளகோட, தவிட்டோட வாங்க. கேக்க வேண்டியதக் கேளுங்க."

"கேட்டா?"

"பதில் நாந்தான சொல்லணும்."

லூர்தம்மாள் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு மார்பில் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு போனாள்.

பங்குனி பிறந்தது. முதல் வெளிச்சத்துக்கு முன்பே பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதியழகன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டிருந்தான். முகூர்த்த மாதம் அது. பூ ஒரு நாள்கூடக் காத்திராது என்பது உண்மைதான். ஆயினும் வண்டியோட்ட அன்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியகருப்பனைக் கேட்டிருக்கலாம் என்பதும் உண்மையே. சண்முகவள்ளி அதை எண்ணி நேரத்தைக் கழிக்கவில்லை. வெந்நீரில் குளித்தாள். ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றினாள். வேப்பிலை செருகிய வாசலைத் தாண்டி, மகளோடு முற்றத்துக்கு வந்து நின்றாள்.

குப்பைமேட்டின் ஓரத்தில் பெருமாள்சாமி சாணம் தெளித்து மெழுகி வைத்திருந்தார். படலுக்கு வெளியே பொம்மையன். வேலியின் இடைவெளி வழியாக லூர்தம்மாள் ஒரு சொளகு நிறையத் தவிட்டோடு வந்தாள்.

"பிள்ளையக் கெடத்து ஆத்தா," என்றார் பெருமாள்சாமி.

சண்முகவள்ளி அசையவில்லை.

"கெடத்தணும் தாயி. அப்பத்தான் கேக்கலாம்."

"தரை ஈரமா இருக்கு மாமா. கையிலயே இருக்கட்டும். நீங்க கேளுங்கக்கா."

பெருமாள்சாமி பூசாரியைப் பார்த்தார். பூசாரி கையை அசைத்து, நடக்கட்டும் என்றார். லூர்தம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இது ஆரு பிள்ள?"

"எம்பிள்ள," என்றாள் சண்முகவள்ளி.

வேம்பின் பழுத்த இலையொன்று சுழன்று வந்து தவிட்டின் மேல் விழுந்தது.

"மறந்துட்டியாத்தா? குப்பையில கெடந்துச்சுன்னு சொல்லணும்," என்றார் பெருமாள்சாமி மெல்ல.

"மறக்கல மாமா. நல்லா ஞாபகம் இருக்கு. கேளுங்கக்கா."

"இது ஆரு பிள்ள வள்ளி?" இம்முறை லூர்தம்மாளின் குரல் உயர்ந்திருந்தது.

"எம்பிள்ள. நான் பெத்தது."

"இது என்ன கூத்து?" என்று சீறினார் பொம்மையன். "வெளையாட்டுக் காரியம்னு நெனைச்சியா? சுத்தி வர்ற கல்லுக்கு முன்னால நின்னு வீம்பு பண்ற."

சண்முகவள்ளி படல் பக்கம் திரும்பினாள். தலைச்சுற்று இன்னும் நீங்காத உடம்பு. ஆனாலும் குரலில் தளர்ச்சி இல்லை.

"சாமி, ஒரு சந்தேகம். கல்லு ஒரு மைல் அகலம்னு போட்டிருக்கு. இந்த வாசலுக்கும் லூர்தக்கா வாசலுக்கும் நடுவுல ஒரு கிளுவை வேலி. அம்புட்டுப் பெரிய கல்லு எங்க வீட்டு மேல விழுந்து, அக்கா வீட்டை மட்டும் வேலி பாத்து விட்டுருமா?"

லூர்தம்மாளின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெய்வ காரியத்துல குதர்க்கம் பேசாத."

"தெய்வத்த நான் ஒண்ணும் சொல்லல. எம்மகன நீங்க சொன்னீகன்னு குடுத்தேன். மூணு தரம் கேட்டாக. மூணு தரமும் குப்பையில கெடந்துச்சுன்னு சொன்னேன். எமனுக்குக் கேக்கல. எம்மகனுக்குக் கேட்டுப்போச்சு. சாகும்போதுகூட என்னத் தாண்டித்தான் கைய நீட்டுனான்."

பெருமாள்சாமி தலையைத் தொங்கவிட்டார்.

"கல்லு வருதா, வரட்டும். முப்பது வருசம் கழிச்சு வரட்டும், நாளைக்கே வரட்டும். வந்து கேட்டா இந்த வாசல்ல நான்தான் நிப்பேன். இவ எம்மகதான்னு சொல்லுவேன். அதுவரைக்கும் இவ என்ன அம்மான்னு கூப்பிடுவா. அந்த ஒரு சொல்ல நான் தவிட்டுக்கும் தரமாட்டேன், தங்கத்துக்கும் தரமாட்டேன். மூணாவது தரம் கேளுங்கக்கா."

லூர்தம்மாள் கண்ணீர் வழிய, வாய் நிறையச் சிரித்தபடி கேட்டாள். ஊருக்கே கேட்கும் குரல்.

"இது ஆரு பிள்ள?"

"எம்பிள்ள!"

"சரி. ஆள் இருக்குற பிள்ளைய நான் வாங்க முடியாது." லூர்தம்மாள் சொளகைக் கீழே வைத்தாள். "இந்தா தவிடு. ஊற வச்சு எருமைக்கு வையி."

பெருமாள்சாமி குப்பைமேட்டருகே அப்படியே குந்திவிட்டார். கோபம் அவர் முகத்தில் வந்து வந்து போயிற்று. நிலைகொள்ளவில்லை. "எல்லாம் போச்சு," என்று மட்டும் இரண்டொரு முறை முனகினார்.

அந்நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. மதியழகன் கதவைக்கூடச் சாத்தாமல், கையில் செய்தித்தாளோடு ஓடிவந்தான். படலருகே பூசாரியையும், கீழே சொளகையும், அப்பாவின் முகத்தையும் கண்டு நின்றுவிட்டான். மனைவியின் கையில் பிள்ளை இருப்பதைப் பார்த்த பிறகே அவனுக்கு மூச்சு வந்தது.

"கல்லு வரலப்பா," என்றான். "தப்பாப் போச்சாம். பேப்பர்ல போட்டிருக்கு."

யாரும் கேட்காமலே வாசித்தான். விண்கல்லைப் பற்றிய செய்தி வெளிவந்த மறுநாளே, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மலையுச்சித் தொலைநோக்கியில் எடுத்த பழைய படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அதே கல் அந்தப் படங்களிலும் சிறு கீற்றாக விழுந்திருந்தது. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த இடத்தையும் சேர்த்துப் பாதையை மீண்டும் கணக்கிட்டதில், கல் நிலாவுக்கும் அப்பால், அதைவிட இருமடங்குக்கு மேற்பட்ட தொலைவில் கடந்து போகும் என்று தெரிந்துவிட்டது. மோதும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெருமாள்சாமி வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பொம்மையன் சற்றும் கலங்காமல் துண்டை இடுப்பில் கட்டினார்.

"பாத்தீகளா? சொளகக் கீழ வச்சதுதான் தாமதம். கல்லு வெலகிருச்சு."

"அப்ப காலையில நான் சொன்ன செபமாலை வீணாப் போச்சா?" என்றாள் லூர்தம்மாள். "பாதிப் பங்கு எனக்கும் குடுங்க பூசாரி."

மதியழகன் சிரித்தான். பெருமாள்சாமியின் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. "வெலகிருச்சுல்ல. அப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம் தாயி. பிள்ள ஒம்பிள்ளையாவே இருக்கட்டும்," என்றார்.

சண்முகவள்ளி மட்டும் சிரிக்கவில்லை.

"கல்லு வெலகுனதால இவ எம்பிள்ள ஆகல மாமா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"பேப்பர்க்காரன் நாளைக்கே மறுபடியும் கணக்குத் தப்புன்னு போடுவான். இல்லாட்டி வேற கல்லக் கண்டுபிடிப்பான். வானத்துல கல்லுக்கா பஞ்சம்? ஒவ்வொண்ணுக்கும் நீங்க சொளகத் தேடுவீக. எட்டு வருசத்துக்கு முன்னாடி இதே கல்லு படத்துல விழுந்து போயிருக்கு. அன்னைக்கு நாம அதப் பாத்தமா, பயந்தமா? எனக்கும் இவுகளுக்கும் கல்யாணம் ஆன வருசம் அது. ஊரே நம்ம வாசல்ல உக்காந்து சாப்டுட்டுப் போச்சு." பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கல்லு வருதுன்னாலும் எம்பிள்ளதான்னு நான் சொன்னது, இந்தப் பேப்பரு வர்றதுக்கு முன்னாடி. அதுதான் பேச்சு. அத நீங்களும் சொல்லணும் மாமா. இனி எது வந்தாலும் சொளகு இந்த வாசலுக்கு வரக்கூடாது."

"அப்பாவப் பாத்து இப்படியா..." என்று தொடங்கிய மதியழகன் பாதியில் நிறுத்தினான். கையிலிருந்த செய்தித்தாளை மடித்தான். பிறகு நடந்து வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். "அவ சொல்றது சரிதான்ப்பா," என்றான். "காலையில நான் இங்க இருந்திருக்கணும்."

பெருமாள்சாமி எழுந்து, தவிட்டுச் சொளகை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனார். அதன் பிறகு அவரை நண்பகல் உணவுக்கும் காணவில்லை. தோட்டத்தில் தனியே பாத்தி கொத்திக்கொண்டிருக்கிறார் என்று பெரியகருப்பன் வந்து சொன்னான். மதியழகன் கூப்பிடப் போக எழுந்தபோது சண்முகவள்ளி தடுத்தாள். "அவரே வரட்டும்," என்றாள்.

வெயில் தாழ்ந்தது. மல்லிகைச் செடிகளின் மேல் மாலையின் குளிர்ச்சி படிந்தது. நாளைக்கு மலரவேண்டிய மொட்டுகள் இன்றே வெண்மை காட்டின. விளக்கு வைக்கும் நேரம். தீட்டு வீடாதலால் சாமி படங்களின் முன்னே அன்று விளக்கில்லை. சண்முகவள்ளி மகளை எடுத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். மதியழகன் நேற்றுக் கீறிய வட்டமும் முட்டைக் கோடும் கோழி கிளறியும் மறையாமல் பாதி மண்ணில் எஞ்சியிருந்தன. அவற்றின் மேல் காலூன்றித்தான் அவள் நின்றாள்.

கிழக்கே கரந்தமலைக்கு மேல், நிறைந்து ஒருநாள் கழிந்த நிலா செம்பொன் நிறத்தில் எழுந்தது. அதற்கப்பால், கண்ணுக்கு எட்டாத எங்கோ ஒரு வெளியில், அந்தக் கல் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். போகட்டும். அவள் மகளின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். இரு கைகளாலும் பிள்ளையை வானுக்கு நேரே ஏந்திக் காட்டினாள். மறைக்க வேண்டியது எதுவும் அவளிடம் இல்லை. பிறகு மார்போடு அணைத்துக்கொண்டு, கோட்டை மாரி குடியிருக்கும் திசை நோக்கித் திரும்பிக் கண் மூடினாள். பதிகம் பாட நா எழவில்லை. வேண்டுதலும் ஒன்றும் தோன்றவில்லை. "அம்மா," என்றாள். அந்த ஒரு சொல்லே அவளுக்கு வழிபாடாயிற்று. மெல்ல மறுபடியும் அதையே சொன்னாள்.

பின்னால் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. பெருமாள்சாமி நின்றுகொண்டிருந்தார். கால் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. தீட்டுக்காரர் படியேறலாகாது என்பதால் காளியம்மன் கோயிலுக்கு வெளியே தெருவில் நின்று கும்பிட்டிருக்கிறார். பொம்மையனே இறங்கி வந்து கொடுத்த திருநீறு, ஒரு வெற்றிலையில் மடித்தபடி அவர் கையில் இருந்தது.

"தவிட எருமை தின்னுருச்சு," என்றார். "சொளகையும் லூர்தம்மா வீட்டுல குடுத்துட்டேன். இனி வராது."

சண்முகவள்ளி மகளை அவர் பக்கம் நீட்டினாள். முதியவர் பெருவிரலால் திருநீற்றைத் தொட்டு, பிள்ளையின் நெற்றியில் நலுங்காமல் இட்டார். அந்தக் கையைச் சிறு தலையின் மேல் வைத்தார்.

"நூறு வயசு இரு ஆத்தா. முப்பதையும் பாரு, அறுபதையும் பாரு. வர்றதெல்லாம் வந்த வழியே போகட்டும். பசிச்சா அம்மான்னு கூப்பிடு, பயந்தா அம்மான்னு கூப்பிடு. நீ கூப்பிடுற கொரலுக்கு உங்கம்மா எந்நாளும் ஏன்னு கேட்டு வரட்டும்."